வளையல் சாட்சி

துறைமுக வாயிலில் கையை நீட்டிவிட்டு, கதவு முழுசாகத் திறப்பதற்குள் உள்ளே நுழைந்துவிடுவது பூங்கோதையின் வழக்கம். அன்று கதவு அசையவே இல்லை. மூடிய கதவில் மோதப்போன அவள்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"வளைகாப்பு வாழ்த்துகள். இன்றிலிருந்து உங்களுக்கு ஓய்வு," என்றது ஒழுங்கி, தேன் தடவிய தமிழில்.

வெண்கரை நகரத்தில் யாருக்கு என்ன வேலை என்று தீர்மானிப்பது ஒழுங்கி என்ற இந்த இயந்திரம்தான். கடல் விழுங்கிய ஊர்களிலிருந்து வடதுருவத்தில் குடியேறியவர்களின் வழக்கங்களை நகரம் மதித்தாக வேண்டும் என்று சட்டம். மதிப்பு என்றால் அப்படியொரு மதிப்பு. தமிழ்ப் பெண்ணுக்கு வளைகாப்பு ஆனால் தாய்வீடு போய்விடுவாள் என்று நம் பெரியவர்கள் அதனிடம் சொல்லிவைக்க, அன்றே அவள் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். திரும்பக் கிடைத்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விவரம் தெரிந்த பெண்கள் வளைகாப்பே வைத்துக்கொள்வதில்லை. பனிவெட்டிக் கப்பலின் கேப்டனாகத் தன் முதல் பயணத்துக்கு அன்று கிளம்பவிருந்த பூங்கோதையும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள்.

முந்தின நாள் மாமியார் புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு வந்தார். ஆசையாகக் கண்ணாடி வளையல் மாட்டிவிட்டார். பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று இவளும் கையை நீட்டினாள். கணவன் ஒழுங்கியிடம் சாட்சி சொன்னால்தான் அது சடங்காகப் பதிவாகும். இளம்பரிதி சொல்ல மாட்டான். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கப்பலைப் பார் என்று சொல்லித்தானே அவளைக் கேப்டன் பதவிவரை அழைத்து வந்தான்.

இயந்திரக் குளறுபடி என்று நினைத்து, காதில் மாட்டியிருந்த செவிமணியில் அவனை அழைத்தாள்.

"ஏங்க, வளைகாப்பு ஆயிடுச்சுன்னு கதவு திறக்க மாட்டேங்குது. அதெல்லாம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

பேசிக்கொண்டே கதவை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் கோதை. நாந்தான் சாட்சி சொன்னேன்."

"அத்தை சொல்லச் சொன்னாங்களா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

மாமியாரைத் திட்ட வாயில் தயாராக வைத்திருந்த சொற்கள் அப்படியே நின்றுபோயின.

"நீ கேப்டன், நான் வீட்ல பிள்ளைக்குப் பால் கலக்கணும்," என்றான் அவன். "நம்ம ஆளுங்க என்ன பேசறாங்கன்னு உனக்குத் தெரியாது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா?"

"கப்பல் இன்னும் கிளம்பல. சாட்சியை வாபஸ் வாங்குங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் நல்லதுக்குத்தான் கோதை. கொஞ்ச நாள்ல பழகிடும்."

கதவுக்கு அப்பால் கப்பல் சங்கு ஊதியது. யாரோ அவள் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊரே சேர்ந்து தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். கூடவே இருந்தவன் கழுத்தறுத்துவிட்டான். நடுவழியில் நின்று, வெட்கம் பார்க்காமல் அழுதாள்.

"அம்மா வீட்டுக்கு வண்டி தயார்," என்றது ஒழுங்கி. "உங்களையும் குழந்தையையும் அழைத்துப்போகக் கணவர் எப்போது வரலாம்? நீங்கள் சொல்லாமல் அவர் வர முடியாது. அதுவும் உங்கள் வழக்கம்தான்."

இளம்பரிதி இன்னும் லைனில்தான் இருந்தான். "பிள்ளை பொறந்து மூணாம் மாசம்னு சொல்லு கோதை," என்றான் அவசரமாக.

பூங்கோதை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் வர வேண்டாம்," என்றாள் ஒழுங்கியிடம்.

"பதிவாகிவிட்டது," என்றது ஒழுங்கி, அதே இனிமையோடு.