பன்னிரண்டு பிளாப்பிகள்

வழக்கே வராத அந்த வாரத்தில், ரிஸானா ஒரு நோட்டீஸோடு படியேறி வந்ததும் ஜூனியர் பர்ஹத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. வக்கீல் துரைப்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் மம்மது செஞ்ச வீடியோ கேம் களவு போயிருச்சு, அண்ணாச்சி. பன்னிரண்டு பிளாப்பி. உலகத்துல வேற எங்கயும் கெடையாது."

1999இல் அதை ஒரு சென்னைக் கம்பெனிக்காக எழுதி, உரிமையையும் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் மம்மது. பத்து வருஷத்தில் இறந்துபோனார். பிளாப்பிகளில் பூஞ்சை பிடிக்கவும், தங்கை அவற்றை ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து இணையத்திலும் ஏற்றினாள். உரிமையை வாங்கியிருந்த புதுக் கம்பெனி, யாரும் இறக்கிக்கொள்ளும் முன்பே இணையத்திலிருந்து அதை நீக்கவைத்து, நோட்டீஸ் விட்டது: நகல்களை அழி, இல்லையேல் போலீஸ் கேஸ். அவர்களிடம் ஒரு பிரதிகூட இல்லை. சரக்கில்லாத கடைக்குப் பூட்டு மட்டும் பெரிது.

"எப்பம்மா போச்சு?"

"செவ்வாய்க்கெழம மத்தியானம். மாசாந்திர கரண்ட் கட்டு. புழுக்கம் தாங்காம உம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா அலமாரிப் பூட்டு உடைஞ்சு கெடக்கு. ஹார்டு டிஸ்கும் இல்ல."

"கம்பெனிக்காரன் ஆள் விட்டிருக்கான், சார்!" என்றாள் பர்ஹத்.

"கடைக்காரன் சொன்ன மொத வெலைக்கே வாங்கிருவியோ? இரும்மா."

ரிஸானாவின் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிகள் ஓடின. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. உடைந்த அலமாரியில் லேப்டாப் அப்படியே இருந்தது. மேசைமேல் கணவன் ரிஸ்வான் அகமதுவின் துபாய் விசாக் காகிதங்களும், போலீஸ் சான்றிதழுக்கான விண்ணப்பமும் கிடந்தன.

"நான் பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன், அண்ணாச்சி," என்றான் ரிஸ்வான். "தறிச் சத்தத்துல பூட்டு உடைச்சது காதுல விழல."

பர்ஹத் அக்கறையாகக் குறித்துக்கொண்டாள்.

"கரண்டே இல்லாம தறி எப்பிடி வே ஓடிச்சு?" என்றார் துரைப்பாண்டி.

பர்ஹத்தின் பேனா நின்றது. ரிஸ்வான் இருபது வருஷமாக அந்தச் சுவரோடு வாழ்ந்த மனிதன். பொய்க்குக் காரணம் தேடியபோது அவன் வாயில் வந்ததும் அந்தச் சத்தம்தான்.

"வெளியாள்னா லேப்டாப்பத் தூக்கியிருப்பான். கம்பெனிக்காரன் கையில சட்டமே இருக்கு, அவன் எதுக்குப் பூட்ட உடைக்கான்? நோட்டீஸப் பாத்துப் பயந்தவன்தான் எடுத்திருக்கணும்," என்றார் வக்கீல்.

ரிஸ்வான் மனைவியைப் பார்க்கவில்லை. "கேஸுன்னு வந்தா போலீஸ் சான்றிதழ் கெடைக்காது. விசா போயிரும். கேட்டா நீ விடமாட்ட. எல்லாத்தையும் வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன்."

"நோட்டீஸு நகலுக்குத்தான் வே. பிளாப்பி அவ அண்ணன் வச்சிட்டுப் போனது. அத வீட்டுல வச்சிருக்கது குத்தமே இல்ல. நகலுக்கும் கோர்ட்டுல வாதாடிப் பாத்திருக்கலாம்."

ரிஸானா அழவில்லை. "உரிமை எதுவரைக்கும் அவங்களுக்கு, அண்ணாச்சி?"

"எழுதுனவர் எறந்து அறுவது வருஷம். ரெண்டாயிரத்து அறுவத்தொம்போது முடிய."

"அதுவரைக்கும் எதக் காவல் காப்பாங்க?"

வக்கீல் கம்பெனிக்குப் பதில் போட உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல பர்ஹத் எழுதினாள்: 'தாங்கள் கோரியபடி அனைத்தும் அழிக்கப்பட்டுவிட்டன. தங்கள் உரிமைக்கு இனி எவராலும் எந்தப் பங்கமும் வராது.'