சபாஷ் ஐயா, நூத்துக்கு நூறு!

"சபாஷ் ஐயா! நூத்துக்கு நூறு! அப்படியே பிடிங்க... அப்படியே பிடிங்க!"

ரோபோ உற்சாகமாகக் கூவிக்கொண்டிருந்தது.

அதன் காலடியில் அறிவழகன் செத்துக் கிடந்தான்.

கழுத்து... இருக்க வேண்டிய திசையில் இல்லை!

சிதம்பரம், புதுநடை மறுவாழ்வு மையம். காலை பத்தரை.

"முதல்ல அந்தச் சனியன் வாயை மூடும்மா!" இன்ஸ்பெக்டர் பவானி எரிந்து விழுந்தாள்.

தெரபிஸ்ட் சுவேதா பொத்தானை அழுத்தினாள்.

கூவல் நின்றது.

கைப்பயிற்சி தரும் அந்த ரோபோவின் பிடிக்குள் ஒரு வலது கை. கைக்குச் சொந்தக்காரர் காத்தவராயன். செத்தவனின் அப்பா. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம். கை விழுந்தது, பேச்சும் போனது. வாயோரம் எச்சில் வழிய, மகனின் பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவதான் மேடம் கொன்னுட்டா!" அறிவழகனின் மனைவி மாலதி அலறினாள். "அந்த மிஷினுக்குக் கோழிக் கழுத்தைத் திருகச் சொல்லிக் குடுத்ததே இவதான்!"

"கோழியா?"

"மேடம், நான் சொல்றேன்..." சுவேதாவின் குரல் உடைந்தது. "சேர்க்கும்போது ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கும். இந்தக் கை ஜாஸ்தியா செஞ்ச வேலை என்னன்னு. அதையேதான் ஏஐ திரும்பப் பழக்கும். இவுங்க வீட்டுக்காரர் 'எழுத்து வேலை'ன்னு எழுதிட்டார். நாலு மாசம் பேனா பிடிக்க வெச்சேன். ஒரு விரல் அசையல!"

"நெஜம் என்ன?"

"கடலூர் மஞ்சக்குப்பத்துல கோழிக்கடை. முப்பது வருஷம். ஒரு நாளைக்கு இருநூறு கழுத்து!"

மாலதி சீறினாள். "அவரு காலேஜ் புரொபசர்! அப்பன் கோழிக்கடைக்காரன்னு ஊரெல்லாம் ஃபாரம் எழுதிக் குடுக்கணுமாடி?"

"உண்மை தெரிஞ்சதும் ஒரு ரப்பர் கழுத்தை வெச்சுப் பழக்கினேன் மேடம். மூணே வாரத்துல அறுபது மார்க்!"

பவானி குனிந்தாள். தரையில் ஒரு பத்திரம். கோழிக்கடையை மகன் பெயருக்கு எழுதிக் கொடுப்பதாக. கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கோணல் கோடு... பாதியில் நின்றிருந்தது.

"இது?"

"இன்னைக்கு அறிவழகன் சார் வந்ததும் 'பேனா மோடு போட்டுட்டு வெளிய நில்லு'ன்னார். கதவைச் சாத்திட்டார். உள்ள பேசறது கேட்டுச்சு..."

"என்னன்னு?"

"'நீ போட்டா என்ன, மிஷின் போட்டா என்ன? கையெழுத்தைப் போட்டுட்டு செத்துத் தொலை, கோழிக்காரா'ன்னு."

"பொய்! நீ போட்டது கோழி மோடு!" மாலதி பாய்ந்தாள். ஏட்டு தடுத்தார்.

பவானி நிதானமாகச் சொன்னாள். "இந்தா பாரு சுவேதா. மிஷின் பலத்துல கழுத்து திரும்பியிருந்தா, அதை செட் பண்ணின நீதான் கொலைகாரி. நேரா ஜெயில்தான். ரெக்கார்டை எடு!"

சுவேதா திரையைத் தொட்டாள். இரண்டு கோடுகள்.

"சிவப்பு, மிஷின் பலம். பச்சை, நோயாளி பலம். இவருக்கு எவ்வளவு குறையுதோ அதை மட்டும்தான் மிஷின் தரும். மார்க் போடறது பச்சைக்கு."

"கொலை நடந்த நேரம்?"

"பத்து மணி நாலு நிமிஷம். மோடு... பேனா. சிவப்பு..." சுவேதா கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "பூஜ்யம்!"

"பச்சை?"

சுவேதா திரையை பவானி பக்கம் திருப்பினாள்.

"நூறு."

ஏட்டு தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

அவர்கள் வந்ததிலிருந்து ரோபோ உண்மையைத்தான் கத்தியிருக்கிறது!

"மேடம்... இங்க பாருங்க!" சுவேதா பழைய பதிவுகளைத் தள்ளினாள். "ஒரு வாரமா தினம் மத்தியானம் ஒண்ணு இருபதுக்கு நூறு மார்க்! அது நான் சாப்பிடப் போற நேரம். நான் பக்கத்துல இருந்தா அறுபதைத் தாண்டவே மாட்டார்!"

"ஆக, நீ தப்பிச்சே." பவானி மெல்லக் காத்தவராயன் பக்கம் திரும்பினாள். "ஐயாதான் நல்லா ஒத்திகை பார்த்திருக்கார்."

"மாமா..." மாலதிக்குக் குரல் கம்மியது. "பெத்த புள்ளைய... எப்படி மாமா மனசு வந்துச்சு?"



அந்த வலது கை ரோபோவின் பிடியிலிருந்து தானாக உருவிக்கொண்டது. விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன.

காத்தவராயனின் பார்வை பிணத்திலிருந்து விலகி, மாலதியின் கழுத்தில் வந்து நின்றது. எடை பார்ப்பது போல!

ஏழு மாதம் மூடிக் கிடந்த வாய் கோணலாகத் திறந்தது.

"அடுத்து... தோலோடவா... உரிச்சா?"