கால்சைன் இல்லாத குரல்

"கோகிலா... கேக்குதா?"

"கேக்குது. ஆனா நான் கோகிலா இல்ல."

ஹஃபீசா திகைத்துப்போய்க் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பார்த்தாள். அவள் தாம்பரத்துப் பச்சைமலை உச்சியில். தோழி கோகிலவாணி கீழே சிட்லபாக்கம் ஏரிக்கரையில். நடுவில் இந்த ஆண்குரல் எங்கிருந்து வந்தது?

"யாருங்க நீங்க?"

"அதை நான் கேக்கணும். உங்க கால்சைன் என்ன மேடம்?"

"அப்படின்னா?"

"இந்த அலைவரிசையில பேச ஹாம் ரேடியோ லைசன்ஸ் வேணும். அதைக் குடுக்கும்போது ஒரு பேர் தருவாங்களே... அது."

"லைசன்ஸா? இந்த வாக்கிடாக்கியை ஆன்லைன்ல வாங்கினேன். யாரும் எதுவும் கேக்கல."

"ஆன்லைன்ல காரும்தான் விக்கிறாங்க."

சுள்ளென்று வந்தது அவளுக்கு. வாதாடினாள். நீங்க என்ன போலீஸா என்றாள். அவன் நிதானமாக ஓரிரு சொல்லில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்... மழை பிடித்தது. அடிவாரத்து டீக்கடைக்கு ஓடி ஒதுங்கிய பிறகும் அவள் சண்டையை விடவில்லை.

அப்போதுதான் தெருமுனையில் அவனைக் கண்டாள். இன்ச் டேப்பைத் துண்டு போட்டுக் குழாயில் கட்டிய ஒரு விநோத ஆண்டெனாவை, சிக்னல் வரும் திசையைத் தேடி அப்படியும் இப்படியும் திருப்பியபடி, சொட்டச் சொட்ட நனைந்து வந்தான். நேராக அவள் முன்னால் நின்றான். இமை நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

"நான் முதாசிர். நீங்க சண்டை போட்டுக்கிட்டே இருந்தீங்க... அதான் எங்க இருக்கீங்கன்னு கண்டுபிடிக்க முடிஞ்சது."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"நான் ஹஃபீசா. இது விளையாட்டுக்கு வாங்கினது இல்ல," என்றாள். பள்ளியில் புவியியல் டீச்சர் அவள். விடுமுறையில் பெண்களை மலையேற்றத்துக்கு அழைத்துப் போவாள். போன வருடம் ஜவ்வாது மலையில் கூட வந்த ரத்தினபாய் அக்காவுக்கு வழுக்கி விழுந்ததில் கணுக்கால் முறிந்தது. போனில் சிக்னல் இல்லை. இருட்டும்வரை அந்த அழுகுரலைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். "ஜனவரியில மறுபடியும் போறோம். இன்னொரு தடவை அப்படி உக்கார என்னால முடியாது."

அவன் முகம் மாறியது. ஆனாலும் மெதுவாகச் சொன்னான்: "அப்ப பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்குங்க. எந்த அலைவரிசையில கூப்பிடணும்னே தெரியாம மலையில நீங்க கூப்பிட்டா யார் கேப்பாங்க?"

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"லைசன்ஸ் வாங்கிட்டுத்தான் உங்ககிட்ட பேசுவேன். அதுவரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது."

சொன்னபடியே செய்தாள். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் இருமுறை எதிரே வந்தான், புன்னகைத்தான். அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு கடந்தாள். பேச மாட்டேன் என்றுதானே சபதம்... திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லையே?

வாக்கிடாக்கியைப் பீரோவில் பூட்டிவிட்டு, கேட்க மட்டுமே முடிகிற சின்ன ரேடியோ ஒன்று வாங்கினாள். தினமும் மாலையில் அந்த வட்டாரத்து ஹாம்கள் காற்றில் கூடுவார்கள். பொழிச்சலூர் சத்யநாராயணன் சார் பேர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராகப் பேசுவார்கள். தன் முறை வந்ததும் முதாசிர் சொல்வான்: "பரீட்சைக்குப் படிக்கிறவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா..." பிறகு ஒரு பாடத்தை விளக்குவான். அதைத் தனக்காகத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரலில் ஜலதோஷம் ஏறியதும், அது இறங்கியதும்கூடத் தெரியும். ஒருநாள் அவன் வரவில்லை. அன்று முழு மாலையும் எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுவதுபோல இருந்தது... கோபம் இவ்வளவு ஏங்குமா?

பரீட்சைக்கு முந்திய வாரம், விதிகளைப் படிக்கையில் ஒரு வரியில் நின்றுவிட்டாள். 'ஆபத்து நேரம் தவிர, லைசன்ஸ் இல்லாதவர்களின் அழைப்புக்குப் பதில் தரக் கூடாது.'

அப்படியானால் அன்று...?

தேறினாள். டிசம்பர் கடைசியில் கால்சைன் வந்தது. பச்சைமலை உச்சியில் நின்று, தூறலில், வாக்கிடாக்கியின் பட்டனை அழுத்தி முறைப்படி அதைச் சொன்னாள்.

உடனே அவன் குரல் வந்தது. "வணக்கம்... இந்தப் பேருக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"முதாசிர் சார், விதியெல்லாம் படிச்சேன். அன்னிக்கு நீங்க எனக்குப் பதில் சொல்லியிருக்கவே கூடாது. ஏன் சொன்னீங்க?"

"அதை நேர்ல வந்து சொல்றேன்."

மூச்சிரைக்க ஏறி வந்தான். கையில் ஆண்டெனா இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தேடவே இல்ல. நீங்க இங்கதான் நிப்பீங்கன்னு தெரியும்." பார்வையைத் தாழ்த்தினான். "விதி எனக்கும் தெரியும் ஹஃபீசா. ஆனா அன்னிக்கு 'கேக்குதா'ன்னு கேட்டீங்க பாருங்க... அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியல. இப்பவும் முடியல. நீங்க எந்த மலையில நின்னு கூப்பிட்டாலும்... கேக்குறவன் நானா இருக்கணும்."

அவள் விரல்கள் தளர்ந்தன. அதுவரை படபடப்பில் வாக்கிடாக்கியை இறுக்கிப் பிடித்திருந்தாள்... பட்டனோடு சேர்த்து. அவள் விட்டதும் சத்யநாராயணன் சாரின் குரல் கரகரத்தது:

"முதாசிர், நீ சொன்னது தாம்பரம் முழுக்கக் கேட்டுதுப்பா. நாங்க எல்லாரும் அந்தப் பொண்ணு பதிலுக்குத்தான் வெயிட் பண்றோம்."

முதாசிர் காதுவரை சிவந்தான். ஹஃபீசா வாக்கிடாக்கியை ஆஃப் செய்தாள். இந்தப் பதில் ஊருக்கு வேண்டாம்.

மழை வலுத்தது. அவள் ஒரு அடி நெருங்கி, உதடு மட்டும் அசைய, ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"கேக்குதா?" என்றாள் பிறகு.

"கேக்குது," என்றான் அவன்.