சாகவிடாத குரல்

செத்து நான்கு வருடமான கங்காணி, காலை பத்து மணிக்கு ஏழாம் தூணிலிருந்து உறுமினான். தைலமரத் தோப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த பதினோரு கொரில்லாக்களும் அப்படியே நின்றன. முன்னால் வந்த இளம் ஆண் மொட்டையன் கையை ஊன்றித் தூணையே சற்று நேரம் பார்த்தான். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கினான். மற்றவை தூணைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன.

தூண்களைப் பராமரிக்கும் செவனம்மாள் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு கைப்பலகையில் குறித்தாள்: சேதம் இல்லை. இரண்டு வருடமாக அவள் எழுதுவது இந்த இரண்டு சொல்லைத்தான்.

மேகமலைக்குக் கொரில்லா வந்து ஒரு தலைமுறை ஆகிறது. அவற்றின் சொந்த மலைகள் நெருப்பைக் கக்கிச் சாம்பலானபோது, அதே உயரம், அதே குளிர் என்று கணக்குப் பார்த்து இங்கே கொண்டுவந்து விட்டார்கள். யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை, தோட்டத்து லயன் வீடுகளில் குடியிருந்தவர்களையும் சரி, கொரில்லாக்களையும் சரி. அவை வாழையைப் பிளந்தன, தைலமரப் பட்டையை உரித்தன, குறுக்கே போன இரண்டு பேரின் கையை ஒடித்தன. பதிலுக்கு லயன்காரர்கள் கொடுத்தது சளி. மனிதனுக்கு மூன்று நாள் தும்மல்; கொரில்லாவுக்கு அதுவே எமன்.

கூட்டத்தின் தலைவன், முதுகு நரைத்த பெரிய ஆண். முன்னால் நடந்தபடியே தோட்டத்தில் கூலியாட்களை எண்ணும் மேற்பார்வைக்காரனைப்போல் பின்னால் வருபவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அதனால்தான் அவனுக்குக் கங்காணி என்று பெயர் வைத்தார்கள். அவனும் சளியில்தான் போனான். யார் வீட்டுச் சளி என்று தெரியாது. அந்த வாரம் மூக்கைச் சிந்திய ஒவ்வொருவரும் அது தன்னுடையதுதான் என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

அதன் பிறகுதான் பொறியாளர் தாட்சாயணி குரல்வேலியைக் கொண்டுவந்தாள். காட்டின் ஓரமாகப் பன்னிரண்டு தூண்கள். பதிந்ததையே திரும்ப ஓட்டும் பெட்டி இல்லை அது. யார் வருகிறார்கள், எந்த வேகத்தில், எந்த மனநிலையில் என்று பார்த்து, கங்காணி இருந்தால் என்ன சொல்லியிருப்பானோ அதை அவன் குரலிலேயே சொல்லும். கூட்டம் கேட்டது. வாழை பிழைத்தது. மேகமலையே தாட்சாயணியைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

மறுநாள் வந்த தாட்சாயணியிடம் செவனம்மாள் நேராகவே சொன்னாள்.

"மேடம், அதுக மேயவே போகல. தூணையே சுத்தி உக்காந்திருக்கு. பக்கத்துல இருந்த செந்தட்டி, ஈத்தக் குருத்து அம்புட்டையும் தின்னு முடிச்சிருச்சு. தாய்க்குப் பால் வத்திப்போயி குட்டி துவண்டு கெடக்கு."

"தலைவன் இல்லாத கூட்டம் சிதறிடும்மா. இப்ப ஒண்ணாத்தானே இருக்கு."

"தலைவன் செத்தாத்தான மேடம் இன்னொருத்தன் தலைவனாவான்? நீங்கதான் சாகவே விடலயே."

தாட்சாயணி நல்ல பெண்தான், அதுதான் சிக்கலே.

"அணைக்கணும்னா மேல எழுதிக் கேக்கணும். மூணு மாசமாகும். அதோட, திங்கட்கிழமை வேலி இந்தப் பக்கத்துக்கும் பேச ஆரம்பிக்குது. விறகுக்கும் தேனுக்கும் உள்ள போறவங்களால தானே சளி பரவுது?"

"எங்கள எப்படி நிறுத்தும்?"

"அது சொன்னா கேப்பீங்க" என்றாள் தாட்சாயணி.

குட்டி மூன்று மாதம் தாங்காது, ஒரு வாரம் தாங்கினால் பெரிது. வேலி முழுவதையும் அணைக்கும் பெட்டி ஏழாம் தூணில் இருந்தது; அதன் சாவி செவனம்மாளிடம்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பிற்பகல், யாரிடமும் சொல்லாமல் அவள் ஏழாம் தூணுக்கு ஏறினாள். தூணுக்குப் பத்தடி முன்னால் கால் நின்றது.

"செவனு, இந்நேரத்துல எங்கடி போற? மானம் இருட்டிக்கிட்டு வருது. வீட்டுக்குப் போ."

குருவையா. அவள் புருஷன். இரண்டு வருடத்துக்கு முன் மழையில் சாய்ந்த பதினோராம் தூணை நிமிர்த்தப் போனவன்மேல் மலை சரிந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் வேலையும் சாவியும் அவளுக்கு வந்தன. அந்த மாதம் நீட்டிய தாள்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அதில் ஒன்று, அவன் கம்பியில்லாக் கருவியில் பேசிய பேச்சுகளை வேலிக்குத் தரும் தாள்.

இது இயந்திரம் என்று அவளுக்குத் தெரியும். இதன் கேமராக் கண்ணாடியை வாரம் இருமுறை துடைப்பவளே அவள்தான். இருந்தும் "யாரு?" என்று கேட்டாள்.

"ஆளு தெரியலயாக்கும்? காத மூடிக்கிட்டுப் போ. ஈரக்காத்து ஒனக்கு ஒத்துக்காது."

செவனம்மாள் அழுதபடியே போய்ச் சாவியைப் பெட்டியில் நுழைத்தாள். இரண்டு பக்கத்துக்கும் விசை ஒன்றுதான். திருப்பினால் கங்காணியும் சாவான், குருவையாவும் சாவான். முதல் தடவை அவன் செத்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். இப்போது தன் கையாலேயே செய்ய வேண்டும். வேலிக்கு அப்பால் தாய்க் கொரில்லா குட்டியை மார்போடு அணைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

புதன்கிழமையும் ஏறினாள். வியாழக்கிழமை குடை எடுத்துக்கொண்டு போனாள். வேலி நெடுக ஆட்கள் நின்றார்கள்; அவர்களும் இப்படி ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள்தான். ஒன்பதாம் தூணில் லயன்காரர் ராசாமணி, செத்துப்போன மகள் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காட்டுக்குள்ளும் ஒருவர்கூட நுழையவில்லை.

வெள்ளிக்கிழமை குட்டி செத்தது. தாய் அதைக் கீழே வைக்காமல் சுமந்துகொண்டே திரிந்தது. செவனம்மாளின் இடுப்பில் சாவி கிடந்தது.

மொட்டையன் வந்து குட்டியை முகர்ந்தான். நேராக ஏழாம் தூணுக்குப் போனான். கங்காணியின் குரல் உறுமியது. மொட்டையன் பதிலுக்கு உறுமினான். தூண் மார்பில் அறையும் சத்தத்தை எழுப்பி எச்சரித்தது. மொட்டையனும் எழுந்து நின்று மார்பில் அறைந்தான். பிறகு காத்திருந்தான். இத்தனை கோபமாகக் கத்துகிறவன் புதரை விலக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். யாரும் வரவில்லை. மொட்டையன் தூணை இரண்டு கையாலும் பற்றி ஆட்டி, பிடுங்கிக் கீழே போட்டான்.

மேட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தான். கூட்டம் ஒவ்வொன்றாக எழுந்து அவன் பின்னால் போயிற்று. தாய் கடைசியாகப் போனது.

செவனம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் தன் பக்கத்திலும் சத்தம் இல்லை என்பது உறைத்தது.

ஒரு வாரம் கழித்து தாட்சாயணி லயனுக்கு வந்தாள். "மேல நல்ல காட்டுக்குப் போயிடுச்சு. இறங்கறதே இல்ல. வேலியையே எடுத்திடலாம்னு இருக்கோம்" என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

 கூடியிருந்தவர்களில் ராசாமணிதான் பேசினார். "திரும்பி வந்துரும் மேடம். வேலி இருக்கட்டும். நாங்க எல்லாரும் எழுதித் தர்றோம்."

வரும் என்று அவரும் நம்பவில்லை, கேட்டவர்களும் நம்பவில்லை. ஆனால் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து செவனம்மாளுடையது.

திங்கட்கிழமை அவளே குழி தோண்டி ஏழாம் தூணை நட்டாள். கம்பியை இணைத்துச் சாவியைத் திருப்பினாள்.

"செவனு, இன்னும் இங்க என்னடி வேல? வீட்டுக்குப் போ."

"போறேன்" என்றாள் அவள். கொரில்லாக்கள் உட்கார்ந்து உட்கார்ந்து புல் தேய்ந்திருந்த தரையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.