கூடுதலாக ஒரு ஊசி

ஜாம் போத்தலில் ஒரு ஊசி கூடுதலாகக் கிடந்தது.

கோகிலவாணி அந்தப் போத்தலைச் சமையலறை மேசையில் கவிழ்த்து, பாவித்த ஊசிகளை ஐந்து ஐந்தாக அடுக்கி மறுபடியும் எண்ணினாள். பத்தொன்பது. கொப்பியில் பதினெட்டு வரிகள்தான் இருந்தன. காலை ஏழு மணி, மாலை ஏழு மணி, ஒன்பது நாட்கள். ஒவ்வொரு வரியிலும் நேரம், பூனை சாப்பிட்ட அளவு, இரண்டு யூனிட் இன்சுலின், ஓரத்தில் ஒரு சரி அடையாளம். கண்டியில் அவள் போகும் ஆங்கில மாலை வகுப்பில் தினமும் பத்து வரி நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் பூனைக்கும் ஒரு கொப்பி போட்டிருந்தாள். வரி தவறியிருக்காது. அப்படியானால் கைதான் தவறியிருக்கிறது. ஒரு வேளையில் இரண்டு ஊசி போட்டுவிட்டு அதை மறந்தும் போயிருக்கிறாள். பூட்டிய கதவைப் பூட்டினோமா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் அவள். தன்னைச் சந்தேகிப்பது அவளுக்குப் புதிதில்லை.

பட்டை நிறத்தில் இருந்ததால் பூனைக்குக் கறுவா என்று பெயர். பதினொரு வயது. மேசைக்கு அடியில் குந்திக்கொண்டு அவளையே பார்த்தது.

பூனை அவளுடையதல்ல. வீட்டுக்காரி றமீலாவுடையது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்திலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு அது. இரண்டு வருடமாக அதன் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, பகலில் கண்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள் கோகிலவாணி. டோஹாவில் இருக்கும் கணவருக்குச் சத்திரசிகிச்சை என்று றமீலா போகும்போது வீட்டையும் பூனையையும் அவளிடம் விட்டுப் போனாள். போவதற்கு முன் மிருக வைத்தியரிடம் அழைத்துப் போய் ஊசி போடவும் பழக்கினாள்.

"இங்க பாருங்க தங்கச்சி," என்றார் வைத்தியர். "பின்கழுத்துத் தோல ரெண்டு வெரலால தூக்குங்க. கூடாரம் மாதிரி நிக்கும். அதுக்குள்ள குத்துனா வலிக்காது. காத்துக் குமிழ் இருந்தா நகத்தால சுண்டி விடுங்க. முடிஞ்சதும் ஒரு நெத்தலி குடுங்க. ரெண்டு நாள்ல அதுவே வந்து குந்திக்கும்."

"மருந்து கூடிப்போச்சின்னா டொக்டர்?"

"கூடுனா ஒரு மணித்தியாலத்துல போயிரும். கொறைஞ்சா ஒரு மாசத்துல போகும். சந்தேகம் வந்தா போடாதீங்க. அம்புட்டுதான் சட்டம்."

அவர் கொடுத்த அறிகுறித் தாளை அவள் தன் அறை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

அது மின்வெட்டுக் காலம். குளிர்சாதனப் பெட்டி பாதிநாள் வெறும் பெட்டியாக நின்றதால், இன்சுலின் போத்தலை ஈரமணல் நிரப்பிய ஒரு மண்முட்டிக்குள் புதைத்து வைத்திருந்தாள். மாலையில் வெளிச்சம் போனதும் வீடு வேறு வீடாகும். ஆற்றின் இரைச்சல் யன்னலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதுபோல் கேட்கும். சுவரில் ஊறிய ஈரமும், மெழுகுதிரிப் புகையும், மருந்துக்கேயுரிய, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைப்போன்ற அந்த மணமும் ஒன்றாகச் சேர்ந்து அறையறையாக நகரும். அந்த மணம் சமையலறையில் இருப்பது சரி. அது தன் தலையணையிலும் இருப்பதை அவள் மறுநாள் காலைதான் கவனித்தாள். கைதான் தொட்டிருக்கும் என்று நினைத்து உறையைக் கழற்றித் துவைத்தாள்.

வெள்ளி மாலை கொப்பியில் இருபது வரிகள். போத்தலில் இருபத்திரண்டு ஊசிகள்.

றமீலாவின் அழைப்பு எட்டு மணிக்கு வந்தது. "வாணி தங்கச்சி, என்ட மகன் எப்பிடி ஈக்கான்?"

"நல்லா இருக்கான் ராத்தா. சாப்பிட்டான்."

"இங்க இவருக்கும் ஊசிதான். புருஷனுக்கும் சீனி, பூனைக்கும் சீனி. நான் ஊசியத் தூக்கினா இவர் போடுற கூச்சல்ல பக்கத்து ரூம் ஆக்கள் எட்டிப் பாக்குறாங்க. என்ட கறுவா மனிசனவிட எவ்வளவோ மேல்." றமீலா சிரித்தாள்.

"ராத்தா, இந்த வீட்டுச் சாவி வேற யாருகிட்டயாவது இருக்கா?"

"ரெண்டே சாவிதான். ஒண்டு உங்கள்ட்ட. ஒண்டு இந்தா, என்ட பேக்குல. என்னத்துக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

சனி மாலை இருபத்திரண்டு வரிகள், இருபத்தைந்து ஊசிகள். புதிய ஊசிப் பெட்டியை, மண்முட்டியோடும் ஜாம் போத்தலோடும் சேர்த்துத் தன் அறை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பிறகு கதிரையில் உட்கார்ந்து யோசித்தாள். யாரோ போடுகிறார்கள். அல்லது தூக்கத்தில் எழுந்து தானே போடுகிறாள். எதுவானாலும் மருந்து போவது ஒரே இடத்துக்குத்தான். தானும் போட்டால் பூனைக்கு இரட்டிப்பாகும். ஒரு மணித்தியாலத்துல போயிரும்.

ஞாயிறு காலை கொப்பியில் "போடவில்லை" என்று எழுதினாள். மாலையும் அதையே எழுதினாள். அன்று போத்தலில் இருபத்தேழு. திங்கள் இருபத்தொன்பது. ஒரு நாளைக்கு இரண்டு. காலை ஒன்று, மாலை ஒன்று. அவளைவிட ஒழுங்கு.

பயம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கை மரத்துப்போனதுபோல மனமும் மரத்துப்போயிருந்தது. கடையில் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் சிறு ஆணியைப் பிடிக்க முடியாமல் மூன்று தடவை கீழே போட்டாள். மத்தியானச் சோறு முடிந்த கையோடு இரண்டு பணிஸ் வாங்கித் தின்றாள், பசி அடங்கவில்லை. டீசல் இல்லாத ஊரில் தினமும் பாதி வழி நடந்தால் இப்படித்தான் ஆகும் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

செவ்வாய் வகுப்பில் பின்வரிசையிலிருந்த ஜெஸீமா பேனையால் அவள் முதுகைத் தட்டினாள். கட்டுகஸ்தோட்டைக்கு ஒரே பஸ்ஸில் போகிற சிநேகிதி.

"வாணி, றீச்சர் மூணு தரம் உங்கட பேரக் கூப்பிட்டாச்சு. கனவா?"

"கேக்கல."

"பூன மாதிரி முழிக்கிறீங்க. மழைக்குளிருல இப்பிடி வேர்க்குது வேற." ஜெஸீமா அவளுடைய பின்னலை ஒதுக்கினாள். "இதென்ன, பின்கழுத்துல புள்ளி புள்ளியா? தெள்ளுக் கடிதான். அந்தப் பூனையக் கட்டிப் புடிச்சிட்டுப் படுங்கொ, இன்னும் கடிக்கும்."

கோகிலவாணி தடவிப் பார்த்தாள். விரலுக்கு எதுவும் தெரியவில்லை. கழுத்துக்கும் விரல் தெரியவில்லை.

பஸ்ஸில் அவள் பூனையின் கதையை மட்டும் சொன்னாள். ஊசிக் கணக்கைச் சொல்லவில்லை. ஜெஸீமா உடனே, "சீனி பாக்கிற மெஷின் வாப்பாட்ட ஈக்கி. வியாழன் கொண்டாறேன். காதுல ஒரு சொட்டு எடுத்தாப் போதுமே," என்றாள். அந்த நாட்களில் கடைகளில் இரத்தச் சொட்டை வைத்துப் பார்க்கும் பட்டிகூடக் கிடைக்காததால், கோகிலவாணி மறுக்காமல் வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

புதனன்று கறுவா பின்னங்கால் குதி தரையில் படும்படி தவழ்ந்து நடந்தது. தண்ணீர்க் கிண்ணம் நாலு தரம் காலியானது. வைத்தியருக்குத் தொலைபேசியில் அழைப்பு எடுத்தபோது, அவர் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டு, "திங்கக்கெழம கொண்டாங்க, அதுவரைக்கும் சந்தேகம்னா வேணாம்," என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னும் போடவில்லை. இன்னும் போடவில்லை. கொப்பியில் வரிசையாக அதே சொல். அலுமாரிக்குள், பூட்டின் உள்ளே, முப்பத்து மூன்று.

வெள்ளிக்கிழமை காலை வாயில் உப்புக் கரித்தது.

எழுந்து உட்கார்ந்தபடி நாக்கால் துழாவினாள். கடைவாய்ப் பல்லிடுக்கில் மெல்லிய ஒரு முள். விரலால் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நெத்தலி முள். அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள்; நாவலப்பிட்டியை விட்டு வந்தும் அவள் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. முந்தைய நாள் சாப்பிட்டதை நாட்குறிப்பில் பார்த்தாள். பருப்பு, சோறு, வாழைப்பழம். கீழே அவளுடைய கையெழுத்துதான். வாயைக் கொப்பளித்தாள். அலுமாரியைத் திறந்து எண்ணினாள். முப்பத்தாறு.

வேலைக்குப் போனாள். வந்தாள்.

மாலை ஆறரைக்கு வெளிச்சம் போனது. பள்ளிவாசலின் பாங்கொலி ஜெனரேட்டரில் கரகரத்து ஓய்ந்த பிறகு ஆறு மட்டும் மிஞ்சியது. அறைக்குள் கறுவாவைத் தூக்கி வந்து கதவைத் தாழிட்டாள், யன்னலை அடைத்தாள், கட்டிலுக்கடியில் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள், ஒருவருமில்லை. மெழுகுதிரியைத் தரையில் ஒட்டிவைத்துவிட்டு அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். இடதுபுறம் அலுமாரியின் ஒரு கதவு திறந்திருந்தது. மற்றக் கதவின் நீளக் கண்ணாடியில் ஒரு மெழுகுதிரி, ஒரு பூனை, ஒரு பெண்.

ஜெஸீமா கொடுத்த மெஷினில் பட்டியைச் செருகினாள். பூனையின் காது ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தம். ஐந்து எண்ணும்வரை காத்திருந்தாள்.

நானூற்றுப் பத்து.

அப்படியானால் இந்தப் பூனைக்கு யாரும் மருந்து போடவில்லை. ஆறு நாளாக ஒரு துளிகூடப் போகவில்லை. அவளுடைய கவனந்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. இப்போதே போட்டால் தப்பிக்கும். இரண்டு யூனிட். சந்தேகமே இல்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. ஊசியை எடுக்க அலுமாரிப் பக்கம் கையை நீட்டினாள்.

கை பாதியில் நின்றது.

பிறகு அந்த ஊசிகள்?

கதவில் ஒட்டியிருந்த தாள் அவள் கண் மட்டத்தில் இருந்தது. சீனி இறங்கினால் தெரியும் அறிகுறிகள். அடங்காத பசி. நடுக்கம். உடம்பு மரத்தல். வெறித்த பார்வை. கூப்பிட்டால் திரும்பாமை. ஒவ்வொன்றாக, பேனை இல்லாமலே, மனத்துக்குள் சரி போட்டுக்கொண்டு போனாள். கடைசி வரி: உடனே ஈறில் இனிப்பான கித்துள் பாணி தடவவும்.

தன் விரலைக் குத்தினாள். வலிக்கவில்லை. பட்டியில் தொட்டாள்.

நாற்பத்தெட்டு.

பாணிப் போத்தல் சமையலறையில் இருந்தது. எழுந்து நடந்தால் பன்னிரண்டு காலடி. எழு என்று சொன்னாள். கால் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். கால் யாருடையதோபோல் மடங்கியே கிடந்தது.

ஏழு மணி.

டக்.

மிகச் சிறிய சத்தம். பிளாஸ்டிக் குழாயை நகம் சுண்டும் சத்தம். டக், டக். காற்றுக் குமிழ் மேலேறும்வரை பொறுமையாக. அவளுக்குப் பின்னால். அவள் எப்போதும் சுண்டுவதைப்போலவே.

பிளாஸ்டர் மணம்.

கறுவா தலையை உயர்த்தியது. அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே, நிற்கிற ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்தது. பழகிய ஆளைப் பார்ப்பதுபோல் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது.

பின்னல் ஒதுங்கியது. முன்பக்கம், தோள்மேல், தானாக வந்து விழுந்தது.

திரும்ப முடியவில்லை. கண்ணை மட்டும் இடப்பக்கம் உருட்டினாள். கண்ணாடியில் மெழுகுதிரி. பூனை. பெண். வேறு எவருமில்லை. அந்தப் பெண்ணின் பின்கழுத்துத் தோல் மட்டும் மெல்ல எழும்பியது. எழும்பிக் கூராகியது. இரண்டு விரல் பிடித்தால் எப்படி நிற்குமோ அப்படி. கூடாரம் மாதிரி. அதன் அடியில் வரிசையாகச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். பழையவை. சில நேற்றையவை.

வலிக்காது.

வலிக்கவில்லை.

குளிர்ச்சியான ஒன்று உள்ளே பரவியது. ஜாம் போத்தலுக்குள் கிணிங் என்றது. முப்பத்தேழு. தோல் இறங்கவில்லை, யாரும் பிடிக்காமலே அங்கேயே நின்றது.

அவள் முழங்காலுக்கு முன்னால், மெழுகுதிரி வெளிச்சத்தில், தரையில் ஒரு நெத்தலி வைக்கப்பட்டது. தலை அவள் பக்கமாக.

ஆறு நாள் மருந்தில்லாத, தீராப் பசியிலிருந்த கறுவா அதை முகரவில்லை. அதற்கு உரியதல்ல என்று தெரிந்ததுபோல் ஒரு அடி பின்னால் போய்க் குந்திக்கொண்டது.

கோகிலவாணி குனிந்து வாயைத் திறந்தாள்.