மகாராணிக்கு உடம்பு சரியில்லை

கொல்லைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூண்டின் மூலையில் மகாராணி இறக்கைகளைத் தொங்கவிட்டு, கண் செருகிக் கிடந்தது. வாலுக்குக் கீழே, முட்டை வரவேண்டிய இடத்தில், சிவப்பாகச் சதை பிதுங்கியிருந்தது. கோழியின் உடலுக்குள் இருக்க வேண்டியது வெளியே தொங்குகிறது என்பது அவள் மூளையில் ஏறவே சற்று நேரம் பிடித்தது.

நேற்று முழுக்க அது கூண்டுக்குள் போவதும் முக்குவதும் வெளியே வருவதுமாக இருந்ததைப் பார்த்தாள்தான். முட்டை வைக்கச் சோம்பல்படுகிறது என்று கேலிகூடச் செய்தாள்.

பண்ணை லாரியிலிருந்து எப்படியோ தவறி விழுந்து, பாதி இறகு உதிர்ந்த கோலத்தில் தானாக வந்து சேர்ந்த கோழி அது. விளையாட்டாக வைத்த பெயருக்கேற்ப நடையும் மிடுக்கும் பிறகு வந்துவிட்டன. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து திரும்பினால், வாசல்வரை வந்து வரவேற்கும் ஒரே ஜீவன்.

துணிக்கூடையில் துண்டை விரித்துக் கோழியை வைத்து, ஸ்கூட்டரின் முன்னால் இருத்திக்கொண்டு கிளம்பினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

பிராணிகள் மருத்துவமனையின் வாசலை மறித்தபடி ஒருவன் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள்.

“கொஞ்சம் வழி விடுங்க. வேலை இல்லாதவங்க நிக்கறதுக்கு வேற இடமே கிடைக்கலையா? இங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு. டாக்டர் எங்கே?”

அவன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். முகத்திலிருந்த சோம்பல் சட்டென்று விலகியது.

“டாக்டர்தான் வேலை இல்லாம வாசல்ல நின்னுட்டிருந்தார். இப்ப வேலை வந்துடுச்சு... உள்ள வாங்க.”

அவளுக்கு முகம் சூடேறியது. அந்த வெள்ளை, நாய்க்குட்டி ஒன்றின் காலுக்குப் போட்ட மாவுக்கட்டிலிருந்து ஒட்டியது என்பது பிறகுதான் தெரிந்தது.

வெதுவெதுப்பான நீர் நிரப்பிய தொட்டியில் மகாராணியை மெல்ல உட்காரவைத்தான். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, நீங்களேதான் பிடிக்க வேண்டும் என்றான். பிடித்தாள். அவன் விரல்கள் கோழியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தன. முட்டை உள்ளே குறுக்காகச் சிக்கியிருக்கிறது, முக்கி முக்கித்தான் சதை வெளியே தள்ளியிருக்கிறது என்று விளக்கினான். முட்டை உள்ளேயே உடைந்தால் ஓடு கிழித்துவிடும், சீழ் பிடிக்கும். எடுக்காமல் விட்டாலும் பிழைக்காது. ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி, வெறும் ஓடாக்கி, மெல்ல நசுக்கி வெளியே எடுக்கப்போவதாகச் சொன்னான்.

“பிழைக்குமா?”

“பொய் சொல்லட்டுமா, உண்மை சொல்லட்டுமா?”

“உண்மை.”

“தெரியல.”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். நாளெல்லாம் பிறர் கண்களைச் சோதித்துக் கண்ணாடி பொருத்துபவள் அவள். எத்தனையோ கண்கள்... ஆனால் ஒரு கோழிக்காக இப்படிக் கலங்கி நின்ற கண்களை அவள் எங்கும் பார்த்ததில்லை. ஜன்னலில் மழை வழிந்தது. அவள் கை நடுங்கியது. கோழிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

முட்டை வெளியே வந்தது, கசங்கிய காகிதம்போல. அதே கணம் மகாராணியின் கழுத்து துவண்டு அவள் மணிக்கட்டில் சாய்ந்தது. அவன் கோழியின் மார்பில் காதை வைத்தான். அந்த அமைதி முடியவே போவதில்லை என்று தோன்றியது...

“இருக்கு. அசதி, அவ்வளவுதான்.”

சதையைக் கழுவி உள்ளே தள்ளித் தையல் போட்டு முடிப்பதற்கும், அவளைத் தேடி அத்தை குடையோடு வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அம்மா இல்லாத வீட்டில் அவளை வளர்த்து ஆளாக்கிய அப்பாவின் அக்கா. கோழி எப்படி என்று கேட்க வாயெடுத்த அத்தை, டாக்டரைப் பார்த்ததும் பேயறைந்தவள்போல் நின்றாள். குடை கையிலிருந்து நழுவியது.

“நீங்க... நீங்க மனுஷங்களைப் பார்க்கற டாக்டர் இல்லையா?”

டாக்டரும் விழித்தான். ஏன் கேட்கிறீர்கள் என்றான். அத்தை அவள் காதோடு, ஆனால் அவனுக்கும் கேட்கும் குரலில் சொன்னாள்: போன மாதம் ஒரு டாக்டர் வரன் வந்து தட்டிப்போனதே... உன்னிடம் காட்டியிராத அந்தப் போட்டோவில் இருந்தது இவர்தான்.

இவனா? நேரில் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், ஒத்துவராது என்று சொல்லியனுப்பியவன். அந்தப் பதிலுக்குப் பிறகு அப்பா வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அவளும் தன்னிடம் என்ன குறை என்று கண்ணாடி முன் நின்று தேடியிருக்கிறாள். அவனுக்காகவா சற்றுமுன் கை நடுங்கியது?

“கோழியைக் குடுங்க. வேற இடத்துல பார்த்துக்கறேன்.”

“இப்ப அசைச்சா தையல் பிரிஞ்சிடும்” என்றவன், தயங்கி, மெதுவாகக் கேட்டான். “நீங்கதானா அது? உங்களுக்குப் பிராணின்னாலே ஆகாதுன்னு சொன்னாங்களே... வீட்டுக்குள்ள ஒரு ஈ, எறும்பு வந்தாக்கூடத் தாங்க மாட்டீங்கன்னு. என் வீட்டுல காலொடிஞ்ச நாய், கண்ணில்லாத பூனை எல்லாம் இருக்கு. வந்து கஷ்டப்படுவீங்கன்னுதான்...”

அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையில் கிடந்த குடையைப் பார்த்தாள்.

பெரிய டாக்டர் மாப்பிள்ளை, கோழி வளர்க்கிற பெண் என்றால் என்ன நினைப்பாரோ என்று பயந்தாளாம். சுத்தத்துக்குப் பேர்போன பெண் என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னாளாம். என்ன டாக்டர் என்று கேட்கத் தோன்றவில்லையாம். சொல்லும்போதே அத்தைக்குக் குரல் உடைந்தது.

யாரைக் கோபித்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவனைத்தான் கோபித்துக்கொண்டாள்.

“ஒரு தடவை என்கிட்ட நேர்ல கேட்டிருக்கலாமே.”

கேட்டிருக்கணும் என்று அவன் ஒப்புக்கொண்டான். அவள் வெளியேறினாள்.

மகாராணி மருத்துவமனையிலேயே இருந்தது. அவள் தினமும் போனாள். கோழியிடம் மட்டும் பேசினாள். அவன் அவளிடம் சொல்ல வேண்டியதையும் கோழியிடமே சொன்னான்: மறுபடி முட்டை வந்தால் உயிருக்கு ஆபத்து, தோலுக்கடியில் ஒரு மருந்து வைத்தால் முட்டை நின்றுவிடும், சம்மதமா மகாராணி? முட்டையிடாத கோழிக்கு எதற்குச் செலவு என்று அத்தை சொல்வாள் என அவள் எதிர்பார்த்தாள். அத்தையோ, முட்டை கடையில் கிடைக்கும், இந்த மகாராணிக்கு எங்கே போவது என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் திகைத்துத்தான் போனாள்.

மருந்து வைத்த மறுநாள் கண்ணாடிக் கடையில் பெரியவர் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. டாக்டர், சொட்டச் சொட்ட நனைந்து, முகம் வெளிறி. வாய் திறக்கிறான், வார்த்தை வரவில்லை.

அவள் கையிலிருந்த கண்ணாடி வில்லை தரையில் விழுந்து சிதறியது. மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்ப... எப்ப போச்சு?”

“என்ன போச்சு? ஐயோ, இல்லை. மகாராணி நல்லா இருக்கு. காலையில என் கையைக் கொத்திச்சு.” அவன் பதறிப்போய் அருகில் வந்தான். “உடம்பு கோழிக்கு இல்லைங்க... எனக்குத்தான் சரியில்லை. நாளைக்கு அதை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் நீங்க வரமாட்டீங்க. அதை நினைச்சு வேலையே ஓடல, கிளம்பி வந்துட்டேன். வேண்டாம்னு சொன்னவன் நான்... இப்ப வேணும்னு கேக்கறேன். முடியாதுன்னு நீங்க சொன்னா அதுவும் நியாயம்தான்.”

அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இப்படியா வந்து நிற்பார்கள், உயிரே போய்விட்டது என்று திட்டினாள். பெரியவர் சோதனைக் கண்ணாடியோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்கும் நாலஞ்சு நாளா தூக்கமில்லை” என்றாள், தரையில் சிதறிக் கிடந்த வில்லையைப் பார்த்தபடி. “கோழியை நினைச்சுத்தான்னு என்னையே ஏமாத்திக்கிட்டிருந்தேன்...”

“அப்ப?”

அவள் நிமிர்ந்தாள்.

“கோழியை இல்லை.”