கிரகணத்துக்குப் பிடித்த அறைகள்

சரளைக்கல் தெறிக்க வண்டியை நிறுத்தி இறங்கிய தெல்மா டிரெலோர், கதவைத் தட்டும் நாகரிகம் எல்லாம் பார்க்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போனாள். அங்கே குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான்கிவெல் என்ற பெரியவர் விட்டிங் மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். அடிலெய்டு காவல்துறையின் குற்றப்பிரிவில் ஆயுளைக் கழித்துவிட்டு தென் ஆஸ்திரேலிய வளைகுடாக் கரையிலுள்ள மூன்டாவுக்கு ஓய்வெடுக்க வந்தவர். இப்போதெல்லாம் மீனைத் தவிர வேறெதையும் விசாரிப்பதில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்வார்.

அவள் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"யாரு செத்தது?"

"இன்னும் யாரும் சாகல. வான்நோக்கர் சங்கத்துல யாரை முதல்ல கொல்றதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"அப்ப நேரம் இருக்கு. உக்காருங்க."

அவர் மனைவி ஜீன் அதற்குள் பின்கதவில் வந்து நின்றுவிட்டாள். கணவர் ஓய்வு பெற்றதில் அவருக்கு இல்லாத வருத்தம் ஜீனுக்கு உண்டு. வழக்கு என்ற வாசம் பட்டால் போதும், அடுப்பில் இருப்பது கருகினாலும் கவலைப்பட மாட்டாள். தெல்மாவுக்கு ஒரு நாற்காலி, தனக்கு ஒரு நாற்காலி என்று இழுத்துப் போட்டு, "முதல்லேர்ந்து சொல்லு. எதையும் விடாத," என்றாள்.

தெல்மா முதலிலிருந்தே சொன்னாள். 2002 டிசம்பரில் செடூனா மேல் முழுச் சூரிய கிரகணம் விழுந்தது. காரில் ஒரு நாள் தூரம். அறுவடைக் காலம். பார்லி காய்ந்து நிற்கிறது, ஒரு சாயங்காலத்துக்காக இயந்திரத்தை நிறுத்த முடியாது என்று அவள் கணவன் கிரஹாம் சொல்லிவிட்டான். தானிய லாரியை ஓட்டியபடி, கடித்துப் போட்ட பிஸ்கட் மாதிரி பாதியும் குறையுமாகச் சூரியன் மேற்கே இறங்குவதைத்தான் அவள் பார்க்க முடிந்தது. செடூனாவுக்குப் போய் வந்தவர்கள் அதைப் பற்றிப் பேச வாயெடுத்து, பேச முடியாமல் கண் கலங்கினார்கள். அறுவடை முடிந்த கையோடு தெல்மா கிரஹாமை விட்டுப் பிரிந்தாள்.

அடுத்தது துருக்கியில், வரும் 2006 மார்ச்சில். சங்கமே சேர்ந்து போவதாக முடிவாயிற்று. எங்கே தங்குவது என்பதில்தான் சண்டை. வானம் தெளிந்திருக்கும் என்று தெல்மா அந்தாலியா பக்கத்துக் கடற்கரையைச் சொன்னாள். துணைத்தலைவன் டெஸ் பாஸ்கோ, கொன்யாவுக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தைச் சொன்னான். போன மார்ச்சில் அவனையே நேரில் பார்த்துவரச் சங்கம் அனுப்பியது. திரும்பி வந்து ஊர் மன்றத்தில் அவன் பேசிய பேச்சில் எல்லாரும் சொக்கிப் போனார்கள். எடுத்த படச்சுருள் விமான நிலையச் சோதனை இயந்திரத்தில் பாழாகிவிட்டதாம். விடுதியின் விளம்பரத் தாளை மட்டும் கைக்குக் கை சுற்றவிட்டான். பன்னிரண்டு அறை, முழுவதும் நமக்கே என்றான்.

"அப்படி என்ன சொன்னான்?" என்று கேட்டார் நான்கிவெல்.

"அந்த வராந்தாவைப் பத்தித்தான் ஓயாம சொன்னான். வடக்கு பார்த்த அகலமான வராந்தாவாம். மார்ச் குளிர்ல கூட மத்தியான வெயில் மடிவரைக்கும் வந்து விழுமாம். வெறும் சட்டையோட உக்காந்து சூப்பு குடிச்சானாம். கிரகணத்தன்னிக்கு நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே வேண்டாம்னான். எனக்கே ஆசை வந்துடுச்சு. கடற்கரைய விட்டுக் கொடுத்துட்டேன். விட்டுக் கொடுத்தும் இந்தக் கதி."

போன ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த டெஸ்ஸுக்கு அந்த விடுதிக்காரரே தொலைபேசியில் கூப்பிட்டாராம். உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பேசி அறைகளை ரத்து செய்துவிட்டாள், ஜப்பான்காரர்களுக்குக் கொடுத்தாயிற்று என்றாராம். பெயர் கேட்டதற்கு 'டிரெலோர்' என்றாராம். கிரகணப் பாதையில் இனி மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காது. அன்று மத்தியானமே கூட்டம் போட்டார்கள். தலைவி கேத் ராடா, 'கடற்கரை கிடைக்காத ஆத்திரம்' என்றாள். கைகள் உயர்ந்தன. தெல்மா சங்கத்தை விட்டு நீக்கப்பட்டாள்.

"இருவது வருஷமா என் கையால சுட்ட ஸ்கோன் பன்னைத் தின்ன கைங்க," என்றாள் தெல்மா. "ஒருத்தர்கூட, 'நீ செஞ்சியா தெல்மா'ன்னு கேக்கல. ரொட்டிக் கடையில வரிசையில நின்னா, எனக்கு முன்னாடி நிக்கிறவங்க முதுகைக் காட்டறாங்க."

நான்கிவெல் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். "விடுதியோட நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல. விளம்பரத் தாளைக்கூட டெஸ் திருப்பி வாங்கி வெச்சுக்கிட்டான். போன வாரம் நானும் கேட்டேன், கேத்தும் கேட்டா. ஆளாளுக்குப் பேசி அந்த மனுஷரைக் குழப்பிடுவீங்கன்னு குடுக்கல."

"ஊர் பேரு?"

அதைச் சொன்னாள். நான்கிவெல் மீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தெல்மாவுக்கு எரிச்சலாக வந்தது. மனுஷருக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

ஜீனுக்கோ குற்றவாளி அப்போதே அகப்பட்டுவிட்டான். கிரஹாம்தான், வேறு யார்? 'டிரெலோர்' அவன் பெயரும்தானே. ஒரு பெண்ணைப் பேசவைப்பது எவ்வளவு நேரம்? இருவருமாகத் தெல்மாவின் வண்டியிலேயே அவன் பண்ணைக்குப் போனார்கள். கிரஹாம் கொட்டகையில் டிராக்டரின் அடியில் படுத்துக் கிடந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெளியே வராமலே சிரித்தான்.

"உன் சூரியனை மறைக்க நான் எதுக்கு தெல்மா? அதுக்குத்தான் சந்திரன் இருக்கே."

ஜீன் தடுத்திராவிட்டால் தெல்மா டிராக்டருக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உதைத்துத் தள்ளியிருப்பாள். திரும்பி வரும் வழியெல்லாம் வண்டி அலறியது.

"அவன் இல்ல," என்று சாவதானமாகச் சொன்னார் நான்கிவெல். மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. "துருக்கியில எந்தக் கிராமம்னு கிரஹாமுக்கு எப்படித் தெரியும்? கேத்தும் இல்ல. ஊர் தெரியும், நம்பர் தெரியாது. ஜீன், உனக்கு ரெண்டு வேலை. நாளைக்கு ரொட்டிக் கடையில டெஸ்ஸைப் பாத்து, அந்த வராந்தாவைப் பத்தி ஆசையாக் கேளு. அவனே சொல்லட்டும், நீ எடுத்துக் குடுக்காத. அப்புறம் அங்காரா சுற்றுலா அலுவலகத்தைக் கூப்பிட்டு அந்த விடுதி நம்பரை வாங்கு. விடுதிக்காரர்கிட்ட நானே பேசறேன்."

"நம்பர் கிடைச்சா நேரா அவரையே கேட்டுடலாமே. வராந்தாக் கதை எதுக்கு?" என்றாள் தெல்மா.

"அங்க கேக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றார் அவர்.

ஞாயிறு மத்தியானம் மன்றத்தில் கூட்டம். நீக்கப்பட்டவள் உள்ளே வரக்கூடாது என்று கேத் வாசலை மறித்தாள். நான்கிவெல் தொப்பியைக் கழற்றி, "மன்றம் ஊரோடது. இவங்க என்னோட விருந்தாளி," என்று சொல்லிவிட்டு நடந்தார். தேநீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் தெல்மாவுக்கு ஊற்றித் தரவில்லை. அவளும் உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து, டெஸ்ஸின் வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கெட்டவன் போலத் தோன்றவில்லை. மனைவி இறந்தபிறகு சட்டையைத் தானே இஸ்திரி போடக் கற்றுக்கொண்ட, சொல் அதிராத மனுஷன். ஆகவேதான் ஊர் அவனை நம்பியது.

"டெஸ்," என்று ஆரம்பித்தார் நான்கிவெல், "விடுதிக்காரர் உங்களைக் காலைல கஞ்சி குடிக்கும்போது கூப்பிட்டார் இல்லையா?"

"ஆமா."

"நமக்குக் காலைன்னா அவங்களுக்கு நடுராத்திரி தாண்டியாச்சு. ஒரு மலைக்கிராமத்துல விடுதி நடத்தறவர், அறை போச்சுன்னு சொல்ல அந்த நேரத்துல முழிச்சிருந்து கூப்பிட்டாரா?"

டெஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "அவசரம்னு நெனச்சிருப்பார்."

"இருக்கலாம். அதை வெச்சு ஒரு மனுஷனைக் குத்தம் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு. ரத்து பண்ணணும்னா நம்பர் வேணும். அது உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு. கேத் கேட்டும் நீங்க குடுக்கல. தெல்மா மட்டும் எங்கிருந்து எடுத்தாங்க?"

"தேடிக் கண்டுபிடிச்சிருப்பா. சுற்றுலா அலுவலகத்தைக் கேட்டா யாருக்கும் கிடைக்குமே."

மன்றத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தெல்மாவின் காது சூடேறியது. இவ்வளவுதானா இந்த மனுஷர் கண்டது என்று வாயைத் திறக்கப் போனாள். நான்கிவெல் அவளைத் திரும்பிப் பார்க்காமலே கையைச் சற்று உயர்த்தினார்.

"சரிதான். அதனால அதையும் விட்டுடறேன். வராந்தாவுக்கு வரேன். ஏப்ரல்ல இதே மன்றத்துல நீங்க சொன்னதை தெல்மா அப்படியே எங்கிட்ட சொன்னாங்க. தப்பா சொல்லியிருக்கலாமேன்னு, வியாழக்கிழமை ஜீனை விட்டுத் திரும்பவும் கேக்கச் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான். வடக்கு பார்த்த வராந்தா. மத்தியான வெயில் மடியில விழும். கிரகணத்தை நாற்காலியிலேர்ந்தே பாக்கலாம்." கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "நீங்க எல்லாரும் வானம் பாக்கறவங்க. கிரகணம் மத்தியானம் தாண்டித்தான். துருக்கியில அப்ப சூரியன் எந்தப் பக்கம் நிக்கும்?"

முதலில் புரிந்துகொண்டவள் கேத். அவள் முகம் வெளுத்தது.

"தெற்கே," என்றாள் மெதுவாக.

"தெற்கே. அங்க வடக்கு வராந்தாவுல மார்ச்சுல வெயில் எட்டிக்கூடப் பாக்காது, பனிதான் கிடக்கும். இங்க, பூமியோட தென்பாதியில, மத்தியானச் சூரியன் வடக்கே நிக்கும், நம்ம வீட்டு நல்ல வராந்தா எல்லாம் வடக்கு பார்த்தது. வெயில்னா வடக்குன்னு நம்ம எலும்புலயே எழுதியிருக்கு. அதனாலதான் அவர் சொன்னப்ப உங்கள்ல யாருக்கும் உறுத்தல. புத்தகக் கேள்வியாக் கேட்டா டெஸ் சரியாத்தான் சொல்வார். ஆனா அங்க ஒரு மத்தியானம் உண்மையிலேயே உக்காந்திருந்தா, சூரியன் தப்பான பக்கம் நிக்கிறதைத்தான் இங்க வந்து முதல்ல சொல்லியிருப்பார். விளம்பரத் தாள்ல வராந்தா இருந்துச்சு, வெயிலும் இருந்துச்சு. திசை இல்ல. அதை அவரே மூன்டாவிலேர்ந்து போட்டுக்கிட்டார்."

பிறகு விடுதிக்காரரோடு பேசியதையும் சொன்னார். வராந்தா தெற்கு பார்த்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து யாரும் வந்ததில்லை, யாரும் ரத்து செய்யவும் இல்லை. ரத்து செய்வதற்கு அங்கே எதுவுமே பதிவாகியிருக்கவில்லை. ஜப்பான்காரர்கள் அந்த அறைகளைப் பிடித்து ரொம்ப நாளாகிறது.

டெஸ் மறுக்கவில்லை. கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். சிங்கப்பூர்வரை போனானாம். வழியில் விமானம் குலுங்கிய குலுக்கலில் மூச்சு நின்றுவிட்டதாம். அடுத்த விமானத்தில் ஏறக் கால் வரவில்லை. திரும்பும் நாள்வரை சிங்கப்பூரிலேயே ஓர் அறையில் கிடந்து, வீடு வர வேறு வழி இல்லாததால் மாத்திரை விழுங்கி ஏறினானாம். விளம்பரத் தாள் முன்பே தபாலில் வந்திருந்தது, அதிலிருந்த நம்பரைக் கூப்பிட்டு அறையைப் பிடித்துவிடலாம் என்றிருந்தான். கூப்பிட்டபோது இடம் இல்லை. நாள் ஓடியது. கேத்தும் நம்பரைக் கேட்க ஆரம்பித்தபோது, கடற்கரையைக் கேட்ட தெல்மாவின் பெயரைச் சொல்லிவிட்டான்.

"பயந்தேன்," என்றான். "அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"பயந்ததுக்கு உன்மேல எனக்குக் கோவம் இல்ல," என்றாள் தெல்மா. "பயந்தேன்னு சொல்லியிருந்தா நானே உனக்கு டீ போட்டுக் குடுத்திருப்பேன். உன் வெக்கத்தைக் கழட்டி என் தலையில மாட்டின பாரு. என் பேரை எடுத்துச் சொல்லும்போது கஞ்சி உனக்கு எறங்குச்சா?"

கூட்டம் கொதித்தது. பின்வரிசையிலிருந்து யாரோ இவனை நீக்கவேண்டும் என்றார். இன்னொருவர் வழிமொழிந்தார். கேத், முகம் சிவந்து, "டெஸ் பாஸ்கோவை நீக்க ஆதரவா இருக்கறவங்க…" என்று தொடங்கினாள். கைகள் உயர்ந்தன. போன ஞாயிறு உயர்ந்த அதே கைகள், அதே வேகம்.

தெல்மா சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"கையைக் கீழ போடுங்க," என்றாள்.

சத்தம் போடவில்லை. ஆனாலும் கைகள் இறங்கின.

"இவன் ஒருத்தன் பொய் சொன்னான். நீங்க இத்தனை பேரும் அதை ஒரு டீ ஆறறதுக்குள்ள நம்புனீங்க. கடற்கரை கிடைக்கலன்னு ஆத்திரப்பட்டேன்னு சொன்னியே கேத், இருவது வருஷத்துல நான் யார் குடியைக் கெடுத்தேன்? இவனை நீக்கிட்டா உங்க கை சுத்தமாயிடுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெளியே போய் வண்டியை எடுத்தாள். வளைகுடாக் காற்று கண்ணாடியில் மணலை வாரி அடித்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தாலியா பக்கத்து விடுதிகளைக் கூப்பிட ஆரம்பித்தாள். மூன்றாம் நாள், கடலோரத்தில் ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்த ஒரு விதவை, அறை கிடையாது, கூடாரம் போட்டுக்கொள்வதானால் வரலாம் என்றாள். எத்தனை கூடாரம் என்று அவள் கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்றாள் தெல்மா.

தோப்பு விஷயம் ஜீன் மூலம் ஊருக்குத் தெரிந்தது. சங்கத்தின் சார்பில் கேத் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தாள். சார்பு எல்லாம் வேண்டாம், அன்று கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்கட்டும், கேட்பவர்களுக்குத் தோப்பில் இடம் உண்டு என்றாள் தெல்மா. மறுநாள் கேத்தே முதலில் வந்தாள். ஒரு வார்த்தைகூட ஒழுங்காக வராமல் நின்றாள். தெல்மா உதவி செய்யவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை கதவைப் பிடித்தபடி காத்திருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பேர் மட்டும் கடைசிவரை வரவில்லை.

டெஸ் வந்த அன்று மழை. வாசல்படிக்கு ஏறாமல் கீழேயே நனைந்துகொண்டு நின்றான்.

"ரொட்டிக் கடையில, வரிசையில நின்னு, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றான். "உங்கிட்ட இடம் கேக்க வரல. சொல்லிட்டேன்னு சொல்லத்தான் வந்தேன்."

தெல்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். கையை ஓங்கவேண்டும் போலிருந்தது. அவன் சட்டைக் காலர் இஸ்திரி கலைந்து தொங்கியது.

"விமானத்துல ஏறுவியா?"

"தெரியல."

"என் பக்கத்து சீட்டுதான் உனக்கு. பாதி வழியில எறங்கலாம்னு பாத்தா, பெல்ட்டோட சேத்துக் கட்டி வெச்சுடுவேன்."

"அப்ப… மன்னிச்சிட்டியா தெல்மா?"

"இல்ல," என்றாள் அவள். "கோவம் தீரல. தீராமயே கூட்டிட்டுப் போறேன்."